ஜெராம் கரையில் ஆலாக்களைப் பிரித்தறிதல்: ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் மேற்குக் கரையில், சிலாங்கூரில் இருக்கும் ஜெராமைச் சுற்றியிருப்பவை செம்பனைத் தோட்டங்கள். தோட்டத்து மண்சாலை முடியும் இடத்தில் கடல்நீர் உள்ளே வராமல் தடுக்கும் கரை இருக்கிறது. கரைக்கு அப்பால் அலையாத்தி மரங்கள். அவற்றுக்கும் அப்பால், நீர் வடிந்த வேளைகளில், கண்ணுக்கெட்டிய தூரம் சேற்றுவெளி. ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் படகுத்துறைக்கு வருபவர்கள் அங்கே பறக்கும் வெள்ளைப் பறவைகள் அனைத்தையும் கடல் புறா என்று சொல்லிவிடுகிறார்கள். மலாய்க்காரர்களும் ஆலா (டெர்ன்), கடற்காகம் (சீகல்) என்ற வேறுபாடு பார்க்காமல் இரண்டையும் சாமார் என்றே அழைப்பதுண்டு. அந்த ஒரு பெயருக்குள் நம் கரையில் வழக்கமாகக் காணக்கூடிய ஏழு ஆலா இனங்களும் இரண்டு கடற்காக இனங்களும் அடங்கியிருக்கின்றன. அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறியும் முறையை, நான் பின்பற்றும் வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர்கள். சிறிய ஆலா, மீசை ஆலா, வெண்சிறகு ஆலா, சாதாரண ஆலா, பருத்த அலகு ஆலா, சிறிய கொண்டை ஆலா, பெரிய கொண்டை ஆலா ஆகியவை அந்த ஏழு. நூலுக்கு நூல் தமிழ்ப் பெயர் சற்றே மாறும் என்பதால், ஆங்கிலக் கையேட்டில் தேடுபவர்களுக்காக அவற்றின் ஆங்கிலப் பெயர்களையும் அதே வரிசையில் தருகிறேன்: லிட்டில் டெர்ன், விஸ்கர்ட் டெர்ன், வைட்-விங்ட் டெர்ன், காமன் டெர்ன், கல்-பில்ட் டெர்ன், லெஸ்ஸர் கிரெஸ்டட் டெர்ன், கிரேட்டர் கிரெஸ்டட் டெர்ன்.

கையேடுகளைத் திறந்தவுடன் கண்ணில் படுவது இனப்பெருக்கக் காலத்துப் படம்தான். கன்னங்கரிய தலை, சிவந்த அலகு, கரிய வயிறு என்று ஒவ்வோர் இனமும் கல்யாணக் கோலத்தில் நிற்கும். ஆனால் இந்தப் பறவைகளுள் பெரும்பாலானவை வடக்கே முட்டையிட்டுக் குஞ்சு வளர்த்துவிட்டு, செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை நம்மிடம் தங்கிப்போக வருபவை. நாம் பார்ப்பது கோலம் கலைத்த பறவையை. நெற்றி வெளுத்து, அலகு கறுத்து, வயிறும் வெண்மையாகி, ஓர் இனம் மற்றோர் இனம் போலவே இருக்கும். நிறத்தை வைத்து அடையாளம் காணத் தொடங்கும் எவரும் முதல் பருவத்திலேயே சலித்துப்போவதற்கு இதுவே காரணம். ஆகவே என் வரிசையில் நிறம் கடைசியில் வருகிறது. உருவ அளவு, நிற்கும் விதம், இரை பிடிக்கும் விதம், அலகின் வடிவம், தலையில் கறுப்பு பரவியிருக்கும் விதம் ஆகியவற்றைப் பார்த்து முடித்த பிறகே நிறத்துக்கு வர வேண்டும்.

படி 1: நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்தல்

பாதி வேலை இதில் முடிந்துவிடுகிறது. நம் கரை மேற்கு நோக்கியது. காலையில் கடலைப் பார்த்து நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பறவையின் மேல் வெளிச்சம் நேராக விழும். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் அதே இடத்தில் நின்றால் எல்லாப் பறவைகளும் கரிய நிழலாகத் தெரியும். மாலை வெயிலிலோ மஞ்சள் அலகும் ஆரஞ்சு அலகாகிவிடும். குடும்பத்தோடு கடற்கரைக்குப் போக மாலை நல்ல நேரம், ஆலா பார்ப்பதற்கு ஆகாத நேரம்.

அடுத்தது கடலேற்றம். முழுவதும் நீர் வடிந்திருக்கும்போது பறவைகள் கிலோமீட்டர் கணக்கில் சிதறிச் சேற்றுவெளியின் விளிம்பில் இருக்கும். தொலைநோக்கியிலும் அவை வெள்ளைப் புள்ளிகளே. நீர் ஏறஏற அவை பின்வாங்கி, எஞ்சியிருக்கும் மணல்திட்டுகளிலும் மீனவர்கள் நட்ட கம்புகளிலும் கூட்டமாக வந்து உட்காரும். ஏற்றம் உச்சத்தை அடைவதற்கு முந்தைய இரண்டு மணி நேரமே நமக்குரிய நேரம்.

கிள்ளான் துறைமுகத்துக்கான கடலேற்ற அட்டவணை இணையத்தில் கிடைக்கிறது. அதைப் பார்த்தே புறப்பட வேண்டும். இருந்தாலும் கோயில் நாட்காட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இந்தக் கரையில் ஏற்றம் ஏறத்தாழ விடியும் வேளையிலும் வடிதல் நண்பகலை ஒட்டியும் வரும். அதன்பின் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். ஆகவே அமாவாசையோ பௌர்ணமியோ கழிந்து மூன்றாம் நாளும் நான்காம் நாளும் ஏற்றம் காலை ஒன்பது, பத்து மணியளவில் உச்சத்துக்கு வரும். ஏழரை மணிக்குப் போய் நின்றால் நீரும் நம்மை நோக்கி வரும், பறவையும் வரும், வெயிலும் பின்னால் இருக்கும். பௌர்ணமி பூசைக்குப் போய்வந்த மூன்றாம் நாள் நான் கடற்கரைக்குக் கிளம்புவது வீட்டில் இப்போது எழுதாத விதியாகிவிட்டது.

கருவியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் வில்லையுடைய இருகண் தொலைநோக்கி போதும். முக்காலியில் நிறுத்தும் ஒற்றைக்கண் தொலைநோக்கி இருந்தால் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைப் பிரிப்பதற்கு மிகவும் உதவும். இல்லாவிட்டால் பொறுமை அதன் வேலையைச் செய்யும். சேற்றில் மட்டும் இறங்காதீர்கள். பத்தடி முன்னால் போனால் நன்றாகத் தெரியுமே என்று ஒருமுறை இறங்கி, முழங்கால்வரை புதைந்து, ஒரு செருப்பைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பியவன் நான். கூட்டம் முழுவதும் பறந்துபோனதுதான் மிச்சம்.

படி 2: காக்கையும் மைனாவும் என்னும் அளவுகோல்

தனியாகப் பறக்கும் வெள்ளைப் பறவையின் அளவை வானத்தின் பின்னணியில் கணிக்க எவராலும் முடியாது; முடியும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். பக்கத்தில் அளவு தெரிந்த பறவை ஒன்று வேண்டும். நல்லவேளையாகப் படகுத்துறையில் காக்கைக்கும் மைனாவுக்கும் பஞ்சமில்லை. நம் வீட்டுக் காக்கையின் நீளம் ஏறத்தாழ 40 செ.மீ.; மைனா ஏறத்தாழ 25 செ.மீ. காக்கையும் நம்மைப் போலவே தோட்ட வேலைக்கு வந்ததுதான்: காப்பிச் செடிகளை அழித்த புழுக்களைத் தின்பதற்காக 1890களில் இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்ட காக்கைகளின் வழிவந்தவையே இன்று இந்தக் கரையெங்கும் இருப்பவை. காப்பி போய்விட்டது, காக்கை தங்கிவிட்டது.

காக்கையைவிடப் பெரிதாகத் தெரியும் ஆலா என்றால் அது பெரிய கொண்டை ஆலா. அதன் நீளம் 43 முதல் 53 செ.மீ. வரை. காக்கையளவோ சற்றுக் குறைவோ என்றால் சிறிய கொண்டை ஆலா அல்லது பருத்த அலகு ஆலா. காக்கைக்கும் மைனாவுக்கும் இடைப்பட்டு, ஒல்லியாக, நீண்ட வாலோடு இருந்தால் சாதாரண ஆலா. மைனாவளவு என்றால் சிறிய ஆலா, மீசை ஆலா, வெண்சிறகு ஆலா ஆகிய மூன்றில் ஒன்று. நீளத்தில்தான் மைனா, எடையில் சிறிய ஆலா மைனாவின் பாதிதான் இருக்கும். ஆகவே கம்பின் மேல் உட்கார்ந்திருக்கும்போது மைனாவைவிடச் சிறியதாகவே தோன்றும்.

இந்த ஒரு படியிலேயே ஏழு இனங்கள் நான்கு குழுக்களாகப் பிரிந்துவிடுகின்றன. இனிப் பார்க்க வேண்டியவை ஒவ்வொரு குழுவுக்குள்ளும் இருக்கும் வேறுபாடுகள் மட்டுமே.

படி 3: இரை பிடிக்கும் விதம்

புதியவர்கள் பறவை அசையாமல் உட்கார வேண்டும் என்று காத்திருப்பார்கள். ஆலாவைப் பொறுத்தவரை, பறக்கும் பறவை உட்கார்ந்திருக்கும் பறவையைவிட அதிகம் சொல்லும்.

தலைகுப்புற நீரில் பாய்ந்து, நீர் தெறிக்க மறைந்து, அலகில் மீனோடு மேலே வருபவை ஒரு வகை. சிறிய ஆலா, சாதாரண ஆலா, கொண்டை ஆலாக்கள் இரண்டும் இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றுள் சிறிய ஆலாவைத் தனியாகக் கண்டுகொள்ளலாம்: பாய்வதற்கு முன் ஒரே இடத்தில் நின்று, பதற்றமாகச் சிறகடித்துக்கொண்டே நீரை உற்றுப் பார்க்கும். அந்தச் சிறகடிப்பின் வேகம் மற்ற எந்த ஆலாவுக்கும் கிடையாது. கொண்டை ஆலாக்கள் நிதானமாக உயரத்தில் பறந்து, கனமாக விழும்.

நீருக்குள் மூழ்காமல், தாழ்வாகப் பறந்து, நீரின் மேற்பரப்பிலிருந்து எதையோ கொத்தி எடுத்துக்கொண்டு எழுபவை மற்றொரு வகை. மீசை ஆலாவும் வெண்சிறகு ஆலாவும் பெரும்பாலும் இப்படித்தான் உண்கின்றன. கடலைவிட நெல்வயல், கால்வாய், குளம் ஆகியவற்றின் மேல் இவற்றை அதிகம் பார்க்கலாம். தஞ்சோங் காராங்கிலிருந்து செகிஞ்சான்வரை போகும் சாலையில், வயலில் நீர் கட்டி உழும் நாட்களில், டிராக்டருக்குப் பின்னால் கொக்குகளோடு சேர்ந்து இவையும் பறந்துகொண்டிருக்கும்.

பருத்த அலகு ஆலா இரண்டிலும் சேராதது. அது பாய்வது மிக அரிது. சேற்றுவெளியின் மேல் மெதுவாகப் பறந்து, கீழே குனிந்து, நண்டையோ சேற்றில் துள்ளும் மீனையோ பூச்சியையோ அள்ளிக்கொண்டு போய்விடும். நீர் இல்லாத வெறும் சேற்றின் மேல் முன்னும் பின்னுமாக ரோந்து போகும் வெள்ளை ஆலாவைக் கண்டால் தொலைநோக்கியை எடுப்பதற்கு முன்பே அதன் பெயரை எழுதிவிடலாம். பத்தில் ஒன்பது முறை சரியாக இருக்கும்; பத்தாவது முறைக்காக அலகையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: கடினமான இரட்டைகள்

பருத்த அலகு ஆலாவும் சாதாரண ஆலாவும்

கோலம் கலைந்த பருத்த அலகு ஆலாவின் தலை ஏறத்தாழ முழு வெண்மை. கண்ணை ஒட்டிப் பின்னால் ஒரு கரிய தீற்றல் மட்டும் இருக்கும், மை கலைந்ததைப் போல. அலகு கறுப்பு, குட்டை, பருமன். சாதாரண ஆலாவுக்கு நெற்றி வெளுத்திருந்தாலும் கண்ணிலிருந்து பிடரியைச் சுற்றி அடுத்த கண்வரை கறுப்புப் பட்டை தெளிவாக இருக்கும். அலகு மெலிந்தது, கூரியது. உட்கார்ந்திருக்கும் சாதாரண ஆலாவின் சிறகு மடிப்பில், தோள்பட்டை ஓரத்தில், ஒரு கரும்பட்டை தெரியும். பருத்த அலகு ஆலாவில் அந்தப் பட்டை இல்லை.

என் குறிப்பேட்டின் முதல் ஆண்டில் கரும்பிடரி ஆலா என்று மூன்று இடங்களில் எழுதியிருக்கிறேன். வெண்மையான தலை, கண்ணருகே கறுப்பு, கரிய அலகு என்றெல்லாம் சேர்த்துப் பார்த்து, தீவுகளின் பாறைகளில் வாழும் அந்தப் பறவை ஜெராம் சேற்றுக்கு வந்துவிட்டதாக மகிழ்ந்திருக்கிறேன். மூன்றும் பருத்த அலகு ஆலாக்கள். அதைத் திருத்தியது எந்தக் கையேடும் அல்ல. என்னோடு வந்திருந்த பத்து வயது அக்காள் மகன். திட்டில் உட்கார்ந்திருந்த கூட்டத்தைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தவன், "மாமா, அந்தக் கறுப்பு மூக்குக்காரன் மட்டும் ஒசரமா நிக்கிறான் பாருங்க" என்றான். பார்த்தேன். மற்ற ஆலாக்கள் வயிறு மணலில் படுவது போலக் குட்டைக் கால்களில் உட்கார்ந்திருக்க, அது மட்டும் நீண்ட கரிய கால்களில் நிமிர்ந்து நின்று, சேற்றில் நடந்தும் காட்டியது. கரும்பிடரி ஆலாவுக்கு அந்தக் கால் கிடையாது, அலகும் மெலிந்தது. பிடரியைச் சுற்றி ஓடும் அதன் கரும்பட்டையோ கோடு போட்டது போலத் தெளிவாக இருக்கும். அன்றிலிருந்து உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் நான் முதலில் பார்ப்பது கால்களை.

சிறிய கொண்டை ஆலாவும் பெரிய கொண்டை ஆலாவும்

இரண்டும் ஒரே திட்டில் கலந்து உட்காரும். அது நமக்குச் சாதகம். அருகருகே இருந்தால் பெரியது பெரிதாகவே தெரியும். பிரச்சினை, ஒன்று மட்டும் தனியாக ஒரு கம்பின் மேல் இருக்கும்போதுதான்.

அப்போது அலகைப் பாருங்கள், முதலில் வடிவத்துக்காக. பெரிய கொண்டை ஆலாவின் அலகு நீளமும் கனமுமாக இருந்து, நுனியை நோக்கிச் சற்றே கீழ்நோக்கி வளைவதாகத் தோன்றும். சிறியதன் அலகு நேராக, மெலிவாக இருக்கும். பிறகு நிறம்: பெரியதற்குப் பழுத்த எலுமிச்சையின் மஞ்சள், அதில் ஒரு பச்சைச் சாயல், சிறியதற்குக் கேரட்டின் ஆரஞ்சு. காலை வெளிச்சத்தில் இந்த வேறுபாடு நிச்சயமானது. மாலையில் நான் இதைக் கொண்டு முடிவெடுப்பதே இல்லை.

முதுகின் சாம்பல் நிறம் பெரியதில் அடர்த்தி என்று பல கையேடுகள் சொல்லும். இதில் ஓர் எச்சரிக்கை தேவை. பெரிய கொண்டை ஆலாவின் முதுகு எல்லா நாடுகளிலும் ஒரே அடர்த்தியில் இருப்பதில்லை. இந்தியப் பெருங்கடலின் வடமேற்குப் பகுதியில் வாழ்பவை கரியவை, தென்கிழக்காசியா முதல் ஆஸ்திரேலியா வரையுள்ளவை வெளிறியவை. இந்தியாவில் வெளிவந்த கையேட்டை வைத்துக்கொண்டு இங்கே முதுகை ஒப்பிட்டால் ஏமாற நேரலாம்.

மார்ச், ஏப்ரல் மாதங்களில் கொண்டை முழுக் கறுப்பானதும் வேறொரு நல்ல அடையாளம் கிடைக்கிறது. சிறிய கொண்டை ஆலாவின் கரிய தொப்பி அலகைத் தொடும்வரை இறங்கிவிடும். பெரியதில் முழுக் கோலத்தின்போதும் அலகுக்கும் தொப்பிக்கும் நடுவே வெண்மையான நெற்றிப் பட்டை ஒன்று மிஞ்சியிருக்கும், திருநீறு பூசியதைப் போல. இதைவிட நம்பத்தகுந்த அடையாளம் இந்த இரட்டைக்கு இல்லை. ஆனால் ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே இது நமக்குக் கிடைக்கிறது.

மீசை ஆலாவும் வெண்சிறகு ஆலாவும்

ஏழில் கடினமான இரட்டை இது. இதற்குக் கூடுதல் நேரம் கொடுங்கள்.

தலையின் கறுப்பு எப்படிப் பரவியிருக்கிறது என்பதைப் பாருங்கள். வெண்சிறகு ஆலாவின் கன்னத்தில், கண்ணுக்குப் பின்னால், கண்ணின் மட்டத்துக்கும் கீழே தொங்கும் ஒரு வட்டக் கரும்புள்ளி இருக்கும். உச்சியிலும் கறுப்பு இருப்பதால், பாட்டுக் கேட்பதற்குத் தலையில் மாட்டும் ஹெட்போன் போலத் தோன்றும். மீசை ஆலாவில் கறுப்பு கண்ணிலிருந்து பின்னோக்கி ஓடிப் பிடரியைச் சுற்றிவிடும், கன்னத்தில் தொங்காது. அதன் உச்சி, வெண்மையில் கறுப்புக் கோடுகள் இழுத்தது போல நரைத்திருக்கும்.

அலகில், மீசை ஆலாவுக்கு வலுவானது. வெண்சிறகுக்குக் குட்டையானது, மெலிந்தது. ஆனால் பறவை திரும்பி அப்பால் பறந்துபோகும்போது தெரிவதே எனக்கு அதிகம் கைகொடுத்திருக்கிறது. வால் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலேயுள்ள பிட்டப் பகுதி மீசை ஆலாவில் முதுகைப் போலவே சாம்பல் நிறம். முதுகு, பிட்டம், வால் மூன்றும் ஒரே துணியில் வெட்டியது போல இருக்கும். வெண்சிறகில் அந்தப் பகுதி முதுகைவிடத் தெளிவாக வெளுத்திருக்கும். அந்த ஆண்டு பிறந்த வெண்சிறகுக் குஞ்சில் இது இன்னும் எளிது: முதுகு கரும்பழுப்பு, சிறகு வெளிர்சாம்பல், பிட்டம் வெள்ளை. குதிரையின் மேல் சேணம் போட்டது போல முதுகு மட்டும் தனித்துத் தெரியும். மீசை ஆலாக் குஞ்சுக்கும் முதுகில் கருமையும் பழுப்பும் கலந்திருக்கும். ஆனால் அது திட்டுத்திட்டாக இருக்கும், பிட்டமும் வெளுத்திருக்காது.

இந்த மூன்று அடையாளங்களில் குறைந்தது இரண்டு பொருந்தாமல் பெயர் எழுதக் கூடாது என்பது நான் எனக்கே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு.

சிறிய ஆலா

இதற்கு இரட்டை இல்லை. ஆனால் மைனாவளவுக் குழுவில் இருப்பதால் வெண்சிறகோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. உடலின் அளவுக்குத் தலை பெரியது, தலையின் அளவுக்கு அலகு நீளம். முட்டையிடும் பருவத்தில் அலகு மஞ்சள், நுனி மட்டும் கறுப்பு. மற்ற மாதங்களில் அலகு முழுவதும் கறுத்துவிடும். பறக்கும்போது சிறகின் நுனியிலுள்ள வெளிப்புற இறகுகள் இரண்டு மூன்று மட்டும் கரிய கோடாகத் தெரியும். அந்தத் துடிப்பான சிறகடிப்பைப் பார்த்தவர்களுக்கு இவை எதுவும் தேவைப்படாது. மணலில் வெறும் குழியில் முட்டையிடும் பறவை இது. மனிதன் கால் படாத மணல்திட்டில் இவை வட்டமிட்டுக் கத்தினால் உடனே திரும்பி நடந்துவிடுங்கள். முட்டையை மிதித்த பிறகுதான் அது முட்டை என்று தெரியும், அவ்வளவு மணல் நிறம்.

படி 5: மாதத்தைக் கணக்கில் எடுத்தல்

ஒரே பறவை ஆகஸ்டில் ஒரு விதமாகவும் ஜனவரியில் வேறு விதமாகவும் இருக்கும் என்பதால், குறிப்பேட்டில் தேதி இல்லாத விவரம் பயனற்றது. ஆகஸ்ட், செப்டம்பரில் வந்திறங்குபவற்றில் சிலவற்றுக்கு இன்னும் வடக்கத்திக் கறுப்பின் மிச்சம் தலையிலும் வயிற்றிலும் இருக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை எல்லாமே வெளுத்திருக்கும். கற்றுக்கொள்ளத் தொடங்குபவர்களுக்கு இந்த மாதங்கள் கடினமானவை, ஆனால் பறவை எண்ணிக்கையில் நிறைவானவை. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் நடைபெறுவதும் ஜனவரியில்தான். அனுபவமுள்ளவர்களோடு சேர்ந்து நின்று பார்ப்பதற்கு அதைவிட நல்ல வாய்ப்பு அமையாது.

ஏப்ரலிலும் மே தொடக்கத்திலும் வெண்சிறகு ஆலாக்களைத் தேடி வயல் பக்கம் போங்கள். வடக்கே கிளம்பும் முன் அவற்றின் உடலும் சிறகின் அடிப்புறமும் கறுக்கத் தொடங்கும். பாதி வெள்ளை, பாதி கறுப்பு என்று மைக்கூட்டைக் கவிழ்த்தது போல ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக இருக்கும். முழுவதும் மாறியதும் கரிய உடலில் வெண்சிறகு பளிச்சிடும். அந்தப் பெயர் ஏன் வந்தது என்பது அப்போதுதான் புரியும். அதே வாரங்களில் மீசை ஆலாவின் வயிறு கருஞ்சாம்பலாகி, கரிய தொப்பிக்கும் அந்த வயிற்றுக்கும் நடுவே கன்னத்தில் வெள்ளைக் கோடு நிற்கும். அதுவே அதன் மீசை.

படி 6: கடற்காகங்களை ஒதுக்கிவைத்தல்

சங்கப் பாடல்களின் நெய்தல் நிலத்தில் வரும் சிறுவெண்காக்கை ஆலாவா கடற்காகமா என்று நண்பர்களோடு விவாதித்த மாலைகள் உண்டு. களத்தில் அந்தக் குழப்பம் தேவையில்லை. கடற்காகம் அகன்ற சிறகும் பருத்த உடலும் உடையது. வால் பிளவுபடாமல் வட்டமாக முடியும். வாத்தைப் போல நீரில் உட்கார்ந்து மிதக்கும். ஆலா நீரில் மிதப்பது அரிது. அது களைத்தால் கம்பையோ மிதக்கும் கட்டையையோ தேடும்.

நம் மேற்குக் கரைக்கு வடக்கிலிருந்து வரும் கடற்காகங்கள் இரண்டு: பழுப்புத் தலைக் கடற்காகம், கருந்தலைக் கடற்காகம். பெயரில் உள்ள தலை நிறம் இரண்டுக்குமே நம் பருவத்தில் இருக்காது. இரண்டுக்கும் வெள்ளைத் தலை, கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்புள்ளி, சிவந்த அலகு, சிவந்த கால். ஆகவே சிறகின் நுனியைப் பாருங்கள். பழுப்புத் தலையில் நுனி அகலமாகக் கறுத்திருந்து, அந்தக் கறுப்புக்குள் வெள்ளைப் பொட்டுகள் இருக்கும். கருந்தலையில் சிறகின் முன்விளிம்பு நெடுக வெண்மையான முக்கோணமாகப் பளிச்சிடும். கறுப்பு பின்விளிம்பில் மெல்லிய கரைபோல மட்டுமே ஓடும். நெருங்கி உட்கார்ந்தால் கண்: வளர்ந்த பழுப்புத் தலைக்கு வெளிறிய கண், கருந்தலைக்குக் கரிய கண். இளம் பழுப்புத் தலைக்குக் கண்ணும் கரியது, வெள்ளைப் பொட்டும் இருக்காது என்பதால், கண்ணை மட்டும் நம்பி முடிவுக்கு வரக் கூடாது.

படி 7: குறிப்பேடு

கரையில் நிற்கும்போதே எழுதுங்கள். வீட்டுக்கு வந்து கையேட்டைத் திறந்த பிறகு எழுதினால், பார்த்ததை எழுத மாட்டோம். கையேட்டில் இருப்பதையே எழுதுவோம். இடம், தேதி, நேரம், நீர் ஏறுகிறதா வடிகிறதா, வெயில் எந்தப் பக்கம் ஆகியவை முதல் வரி. பிறகு பெயரை எழுதாமல், அளவு, கால், அலகு, தலைக் கறுப்பு, பிட்டம், செய்த செயல் என்று அடையாளங்களை மட்டும் எழுதி, பெயரைக் கடைசியில் சேருங்கள். கைப்பேசிப் படம் தெளிவில்லாமல் இருந்தாலும் எடுத்துவையுங்கள். கால் நீளமும் அலகுப் பருமனும் மங்கலான படத்திலும் தெரியும்.

ஒவ்வொரு கூட்டத்திலும் பெயர் வைக்க முடியாத பறவை ஒன்றிரண்டு இருந்தே தீரும். இறகு பாதி உதிர்ந்த இளம் பறவையாக இருக்கும், அல்லது முதுகை மட்டும் காட்டிக்கொண்டு தூங்கும். அவற்றை ஊகித்துப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். பார்த்தவற்றை இ-பேர்டு செயலியில் பதிபவர்களுக்கு, இனம் குறிக்காமல் ஆலா என்று மட்டும் பதியவும் அதில் இடமுண்டு. சென்ற பருவத்தின் ஒரு காலை என் குறிப்பேட்டில் இப்படி முடிகிறது: "சிறிய கொண்டை 14, பெரிய கொண்டை 3, பருத்த அலகு 6, சாதாரண ஆலா 2, ஆலா என்று மட்டும் 4. 9.50க்குத் திட்டு மூழ்கியது, எல்லாம் தெற்கே பறந்தன."